ஒரகடத்தில் உலக ஒழுங்கு

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் மற்றவர்களைத் திட்டினால் கொஞ்சமாவது நியாயமாக இருக்கும். சில காலமாக நான் ஒரு வெளியுறவுக் கொள்கை நிபுணன்.

சிரிக்க வேண்டாம். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் வேலை பார்ப்பது உண்மை. என்ன வேலை என்பதைத்தான் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. கருத்தரங்கு நடக்கும் கூடங்களில் மைக் மாட்டுகிற வேலை. பேச வருகிற பேராசிரியரின் கோட்டு மடிப்பில் சின்ன மைக்கைச் செருகி, ஒயரை முதுகுப் பக்கம் இழுத்து, பெட்டியை இடுப்பில் மாட்டிவிட்டு, கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்து ஒலியைச் சரிபார்ப்பேன். உலகத்தின் பெரிய மூளைகளை எல்லாம் அவ்வளவு நெருக்கத்தில் பார்த்திருக்கிறேன். யார் மத்தியானம் வெங்காயம் சாப்பிட்டார் என்பது வரைக்கும் தெரியும்.

காதில் வேண்டாம் என்றாலும் விழுகிற தொழில் இது. அமெரிக்கா தேய்கிறது, சீனா வளர்கிறது, ரஷ்யா முறைக்கிறது, இந்தியா யோசிக்கிறது என்று வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பாஷை படிந்துவிட்டது. என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த ஒருவன் சென்னையில் இணையத் தொலைக்காட்சி நடத்துகிறான். ஒருநாள் ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டான். முதல் நாள் கண்ணாடி அறையில் கேட்டதை அப்படியே தமிழில் ஒப்பித்தேன். திரையில் என் பெயருக்குக் கீழே ‘பேராசிரியர், ஜெர்மனி’ என்று போட்டிருந்தான். அதை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த வாரமும் கூப்பிட்டான்.

நிபுணனாக இருப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. என்ன கேட்டாலும் “இதை நாம் இரண்டு கோணங்களில் பார்க்க வேண்டும்” என்று ஆரம்பிக்க வேண்டியது. நடுவில் யாரும் எதிர்பார்க்காத ஒரு நாட்டை, உதாரணத்துக்குக் கஜகஸ்தானை, உள்ளே இழுக்க வேண்டியது. “பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்” என்று முடித்தால் நன்றி வணக்கம்.

பதினாறு வயது மகன் அகிலன் ஒருமுறை என் நிகழ்ச்சியை எட்டிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஜெர்மனில் வரும். “அப்பா, ‘நம் நாடு’, ‘நம் நாடு’ என்கிறாயே, எந்த நாட்டைச் சொல்கிறாய்?” என்று கேட்டான். இதையும் இரண்டு கோணங்களில் பார்க்க வேண்டும் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

2

எனக்கு ஒரு தங்கை. பெயர் கோமதி. நாங்கள் வாலாஜாபாத் பக்கம். அவள் கல்யாணமாகிப் படப்பையில் இருக்கிறாள். புருஷன் சேகர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் ஹரிணி பத்தாவது. கோமதி ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஒரு காருக்குள் ஓடுகிற அத்தனை ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டி டேப் சுற்றி அனுப்புகிற வேலை. நகர்ந்துகொண்டே போகும் பலகையின் பின்னால் இவளும் நகர்ந்துகொண்டே சுற்ற வேண்டும். டேப்பின் பசை விரலிடுக்கில் ஏறிக் கறுத்துப் போயிருக்கும். “இந்தக் கையால பிசைஞ்சா சோறு கூட ஒட்டிக்குது” என்பாள். பர்மனென்ட் ஆக்குகிறோம் என்று வருஷா வருஷம் சொல்கிறார்கள். அவளும் வருஷா வருஷம் ஒரு புடவையை அதற்கென்று தனியாக எடுத்து வைக்கிறாள்.

அவள் சுற்றுகிற கட்டு அமெரிக்காவுக்குப் போகிற வண்டிகளுக்கானது. அமெரிக்கா வரியை ஏற்றியது. ஆர்டர் நின்றது. இரண்டு லைனில் ஒன்றை நிறுத்தப் போகிறோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இரண்டு வழி: குஜராத்தில் இருக்கும் இன்னொரு பிளான்ட்டுக்குப் போகச் சம்மதம் என்று பேர் கொடுக்கலாம்; அங்கே ஹாஸ்டல் உண்டு, வேலை உறுதி. இல்லையென்றால் வீட்டில் இருக்கலாம். ஆர்டர் திரும்பி வந்தால் கூப்பிடுவார்கள். சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

கோமதி எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணா, நீ டிவில எல்லாம் பேசிக்கினு கீற. உனக்குத் தெரியும். இந்த வரிய அவன் கொறைப்பானா, மாட்டானா?”

“அது வந்து கோமதி, இதை நாம இரண்டு…”

“ரெண்டும் வேணாம். ஒண்ணு சொல்லு. ஹரிணிக்குப் பத்தாவது. இவளை வுட்டுட்டு நான் குஜராத்து போனா இவ இன்னா படிப்பா? போவாம குந்திக்கினு, லைனு ஓடலன்னா இன்னா பண்றது? நீ சொல்றத வெச்சுதான் நான் முடிவு பண்ணணும்.”

அவள் கேட்ட அளவுக்கு நேரான கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கஜகஸ்தானைக் கொண்டு சமாளிக்கிற கேள்வியில்லை அது.

“இரு. நான் ஊருக்கு வர்றேன். கூடவே ஒரு பெரிய பேராசிரியரும் வர்றார். உலகத்துலயே இந்த விஷயத்துல கெட்டிக்காரர். அவரையே கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் உல்ரிக் என்று ஒருவர். உலக அதிகாரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் அவருடைய தொழில். அது ஒரகடம் பக்கம் நகர்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அதை நேரில் பார்க்க ஒரு பயணம், அங்கே ஒரு பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து ஒரு கருத்தரங்கு. மைக் மாட்டும்போது “அது என் தங்கை வேலை பார்க்கிற ஊர்” என்று வாயைக் கொடுத்துவிட்டேன். மொழிபெயர்க்க நீயும் வா என்றுவிட்டார்.

பயணப் பிரிவில் ஒரு சிக்கல். அவர்களிடம் ஆய்வாளர் என்று ஒரு தலைப்பு, விருந்தினர் என்று ஒரு தலைப்பு. நான் இரண்டிலும் அடங்கவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, கடைசியில் என் விமானச் சீட்டைக் ‘கருவிகள்’ என்ற தலைப்பில் ஏற்றினார். நானும் இரண்டு மைக்கும் ஒரு ஒலிப்பதிவுப் பெட்டியும் ஒரே வரிசையில். கருவிக்குக் கோபம் வரும் என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

3

விமானத்தில் உல்ரிக்குக்குப் பக்கத்து இருக்கை. கோமதியின் விஷயத்தை முழுக்கச் சொன்னேன். மனிதர் மிகவும் கவனமாகக் கேட்டார். கெட்டவர் இல்லை அவர். பொறுமையானவர், மனைவி கட்டித் தந்த ரொட்டியில் எனக்கும் பாதி கொடுத்தார்.

“உன் தங்கை ஒரு மிகச் சுவாரசியமான இடத்தில் நிற்கிறாள்” என்றார்.

“சனிக்கிழமை வரைதான் நிற்பாள், பேராசிரியரே. போகலாமா, வேண்டாமா?”

ஜன்னல் பக்கம் திரும்பி மேகத்தைப் பார்த்தார். இது மாறுகிற காலம் என்றார். பழைய ஒழுங்கு போகிறது, புதியது இன்னும் பிறக்கவில்லை என்றார். நீண்ட காலப் போக்கில் இந்தியாவுக்கு ஆதாயம் என்றார். நீண்ட காலம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு தலைமுறை இருக்கலாம் என்றார். ஹரிணி பத்தாவதை முடிக்கவே தலைமுறை ஆகிற மாதிரி இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

4

வெள்ளிக்கிழமை காலை கருத்தரங்கு. கல்லூரிக் கூடத்தில் கைவிரல் விறைக்கிற ஏசி. உல்ரிக்குக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்லாததால் மனிதர் கடைசிவரை அதைப் போர்த்திக்கொண்டே உலக ஒழுங்கைப் பற்றிப் பேசினார். இன்னொரு பக்கம் டில்லியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். அவருக்கும் பொன்னாடை. மொழிபெயர்ப்பவனுக்கு ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து.

நிகழ்ச்சி நிரலில் ‘தொழிலாளர்களுடன் உரையாடல்’ என்று ஒரு பகுதி. அதற்குத் தொழிலாளர்கள் வேண்டும். எங்கே கிடைப்பார்கள்? ஒரகடத்தில் இது ஒரு பெரிய காரியமே இல்லை. நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகிற பெண்களின் கம்பெனி பஸ்ஸை ஒரு போன் பேசிக் கல்லூரிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். எம்.எல்.ஏ. வந்தாலும், ரத்ததான முகாம் என்றாலும், யோகா தினம் என்றாலும் இந்தப் பாதையில் இதுதான் வழக்கம். பஸ் எங்கே நிற்கிறதோ அங்கே இறங்க வேண்டும். எங்கே நாற்காலி காலியோ அங்கே உட்கார வேண்டும்.

கழுத்தில் அட்டை தொங்க, துப்பட்டாவை முக்காடு போட்டபடி அவர்கள் உள்ளே வந்தார்கள். எச்.ஆர். ஆள் ஒருவர் வாசலில் நின்று விரட்டினார்.

“முன்னாடி ரோ ஃபில் பண்ணுங்கம்மா. பின்னாடி போய்ப் பதுங்காதீங்க. ஒரு ஹவர்தான். சாப்பாட்டுப் பொட்டலம் கீது.”

“சார், தூங்கலாமா?” என்றது ஒரு குரல். தென்காசிப் பக்கத்துப் பெண். முத்துச்செல்வி என்று அட்டையில் இருந்தது.

“தூங்கிக்கோ. கொறட்ட வுடக் கூடாது.”

“நாங்க எங்க சார் கொறட்ட விடுதோம், அதெல்லாம் பெரியவங்க பண்ணுத வேல” என்று மேடையைப் பார்த்தாள் அவள். வரிசையே சிரித்தது.

அவள் பக்கத்து நாற்காலியில் கோமதி. கண்கள் பாதி மூடியிருந்தன. மேடையில் பூங்கொத்தோடு நிற்கும் அண்ணனைப் பார்த்ததும் ஒரு நொடி திடுக்கிட்டு, துப்பட்டாவால் வாயை மூடிச் சிரித்தாள். அவள் வருவாள் என்று எனக்கும் தெரியாது, பஸ் இங்கே வரும் என்று அவளுக்கும் தெரியாது. சாயங்காலம் படப்பைக்குப் போய் அவளைப் பார்ப்பதாகத்தான் ஏற்பாடு.

உல்ரிக் ஆரம்பித்தார். நான் மொழிபெயர்த்தேன். மெத்தை நாற்காலி, ஏசி, ராத்திரி முழுக்க நின்ற கால். முதல் வரிசை சாய்ந்தது, இரண்டாவது சாய்ந்தது. உலகத்தின் அதிகாரச் சமநிலையை நான் தூங்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். “உங்கள் கைகள்தான் இன்று உலக ஒழுங்கை மாற்றி எழுதுகின்றன” என்று உல்ரிக் உருக்கமாகச் சொன்னார். அதையும் சொன்னேன். விழித்திருந்த ஒருத்தி தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். டில்லிப் பேராசிரியர் எழுந்து, நண்பர் உல்ரிக்கோடு பணிவுடன் முரண்படுவதாகச் சொன்னார். உலகம் பல துருவமாகவில்லை, இரு துருவமாகிறது என்றார். உல்ரிக் அந்த முரண்பாட்டை மிகவும் மதிப்பதாகச் சொன்னார். டீ வரும்வரை இருவரும் மாற்றி மாற்றி மதித்துக்கொண்டார்கள்.

உரையாடல் நேரம் வந்தது. எச்.ஆர். ஆள் ஏற்கெனவே ஒரு பெண்ணிடம் கேள்வியை அச்சடித்துக் கொடுத்திருந்தார். அவள் எழுந்து, வருங்காலத்தில் பெண்களுக்கான வாய்ப்புகள் எப்படி இருக்கும் என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். சிறப்பாக இருக்கும் என்று பதில் வந்தது. வேறு யாராவது?

கோமதி கையைத் தூக்கினாள். எச்.ஆர். ஆள் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். எனக்குத் தொழில் புத்தி. கை தூக்கினால் மைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் தெரியும். மேடையை விட்டு இறங்கி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“சார், அமெரிக்கா வரியக் கொறைக்குமா, கொறைக்காதா? எங்க லைனு மறுபடி ஓடுமா? நாளைக்குள்ள குஜராத்துக்குப் பேர் குடுக்கணும். குடுக்கலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க.”

தூங்கிக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அது அத்தனை பேருடைய கேள்வியும்.

ஆங்கிலத்தில் சொன்னேன். உல்ரிக்கின் முகம் மலர்ந்தது. மிகச் சிறந்த கேள்வி என்றார். பேசினார், பேசினார், பேசினார். அமெரிக்காவின் உள்நாட்டு அரசியல், விநியோகச் சங்கிலி, நட்பு நாடுகளுக்கு உற்பத்தியை மாற்றுவது, ஒருபுறம், மறுபுறம், எனினும், அதே வேளையில். நடுவில் வியட்நாம் வந்தது, மெக்சிகோ வந்தது. நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். அவர் பொன்னாடையைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்தார். கூடமும் என்னைப் பார்த்தது.

“இன்னாண்ணா சொல்றாரு?” என்றாள் கோமதி.

“தெரியாதாம்” என்றேன்.

கூடம் அதிர்ந்தது. சிரிப்பும் கைதட்டலும் விசிலும். தன் பதிலுக்குத்தான் இவ்வளவு வரவேற்பு என்று நினைத்து உல்ரிக் நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார். டில்லிப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. மைக்கை வாங்கித் தன் பங்குக்கு அதே நீளத்துக்குப் பேசினார். கூடம் ஆவலோடு காத்திருந்தது.

“இவருக்கும் தெரியாதாம்.”

“ஏ அண்ணே, ஒங்களுக்காச்சும் தெரியுமா?” என்று கத்தினாள் முத்துச்செல்வி.

தெரியாது என்று தலையாட்டினேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நிபுணனாக நான் உண்மை சொன்ன நேரம் அது. கோமதி சிரிக்கவில்லை. மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“அப்ப எதுக்கு எங்களத் தூங்க வுடாம இங்க இட்டாந்தீங்க?”

இதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். இப்போது மேடையில் இருப்பவர்கள் கொஞ்சம் வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உல்ரிக் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். என் பக்கம் சாய்ந்து, கண்கள் பளபளக்கக் கேட்டார்: “அற்புதம். என் அடுத்த கட்டுரையை இந்த வாக்கியத்தில் தொடங்கலாமா? அனுமதி கேட்டுச் சொல்.”

கீழே எச்.ஆர். ஆள் கோமதியின் அட்டையை நிமிர்த்திப் பிடித்துப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

5

நான் கீழே இறங்கி வருவதற்குள் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அவர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். சாயங்காலம் படப்பைக்குப் போனேன். கோமதி தூங்கிக்கொண்டிருந்தாள். சேகர் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எழுப்பட்டா மச்சான்?”

“வேணாம் மாப்ள. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“நான் இன்னா நினைக்கறது. சமைச்சுக்குவேன், ஹரிணிய இஸ்கூலு இட்டுக்கினு போவேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல.” துணியைப் பிழிந்தார். “மத்தியானம் சூப்பர்வைசரு போன் பண்ணிக்கிறாரு. ‘உன் ஊட்டம்மா பெரிய ஆளாயிட்டாங்க போல கீது, மேடைக்காரங்களையே கேள்வி கேக்கறாங்க’ன்றாரு. வூட்ல குந்தினா கூப்புடுற லிஸ்ட்ல இனிமே பேர் இருக்குமோ இன்னாவோ, மச்சான்.”

மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். கோமதி எழுவதற்குள் கிளம்பி வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, உல்ரிக்கின் களப்பணி. களப்பணி என்றால் காஞ்சிபுரத்தில் அவர் மனைவிக்குப் பட்டுத் துணி வாங்குவது. வாலாஜாபாத் தாண்டும்போது என்னால் அடக்க முடியவில்லை.

“ஜெர்மனியில் நடந்த கருத்தரங்கில் நீங்கள் என்ன சொன்னீர்கள், பேராசிரியரே? தொழிற்சாலை எல்லாம் இந்தப் பக்கம்தான் வரும், இது இவர்களுடைய காலம் என்றீர்கள். நானேதான் உங்களுக்கு மைக் மாட்டினேன்.”

“அதன் பிறகு சூழல் மாறிவிட்டது” என்றார்.

எனக்கு எரிகிறது இந்த வார்த்தையைக் கேட்டால். சூழல் மாறினால் உங்களுக்கு என்ன ஆகிறது? இன்னொரு கருத்தரங்கு. தலைப்பை மட்டும் மாற்றி இன்னொரு கட்டுரை, இன்னொரு பொன்னாடை. சொன்னது பலித்தாலும் கூப்பிடுகிறார்கள், பலிக்காவிட்டால் ஏன் பலிக்கவில்லை என்று விளக்கக் கூப்பிடுகிறார்கள். தப்பாகச் சொன்னதற்காக எந்த நிபுணனாவது தன் பிள்ளையைப் பத்தாவதில் விட்டுவிட்டு வேற்று மாநிலத்து ஹாஸ்டலில் போய்ப் படுத்திருக்கிறானா? ‘உலகத் தெற்கு’ என்கிறீர்கள், ‘திறன்மிகு இளம் உழைப்புப் படை’ என்கிறீர்கள். எங்கள் ஊரை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்து அதிலிருந்து அம்புக்குறி போடுகிறீர்கள். அந்த அம்பு யார் முதுகில் போய்க் குத்துகிறது என்று ஒருநாளாவது திரும்பிப் பார்த்ததுண்டா? இத்தனையையும் ஜெர்மனில் சொன்னேன். கோபத்தில் என் ஜெர்மன் தாறுமாறாகப் போனது. கடைக்காரச் சிறுவனை அதட்டுவதற்கான மரியாதையில்லாத ‘நீ’யில் பேசியிருக்கிறேன் என்பது பாதியில்தான் தெரிந்தது. மாற்றிக்கொள்ளவில்லை.

உல்ரிக் வருத்தமாகப் புன்னகைத்தார். “நாங்கள் ஜோதிடர்கள் இல்லை, நண்பரே.”

“ஜோசியராவது ஒரு பரிகாரம் சொல்வார்” என்றேன்.

அதையும் எழுதிக்கொள்வாரோ என்று பயந்து வெளியே பார்த்தேன். நல்ல வேளை, பேனா எடுக்கவில்லை.

பட்டுக்கடையில் அவர் மயில் கழுத்து நிறமா, மாம்பழ நிறமா என்று இரு மனதாக நின்றார். நான் ஓரமாகப் போய்க் கோமதிக்கு வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்தேன். அண்ணனாக, தெளிவாக, ஒரு முடிவைச் சொல்லிவிட வேண்டும். எழுதினேன், நீளமாக எழுதினேன். படித்துப் பார்த்தேன். முதல் வரி: ‘ஒருபுறம் பார்த்தால் குஜராத்தில் வேலை உறுதி.’ மூன்றாவது வரி: ‘மறுபுறம் ஹரிணியின் படிப்பு.’ கீழே போனால் ஒரு ‘எனினும்’ உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் முன்னால் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். நிறம் பிடிக்கவில்லை என்று நினைத்து அவர் இன்னொரு புடவையை விரித்தார்.

அத்தனையையும் அழித்தேன். ‘என்னால்தான் அந்த லிஸ்ட்டும் போச்சு. சாயங்காலம் வர்றேன், உட்கார்ந்து பேசலாம். என்ன செய்யப் போற?’ என்று மட்டும் அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது.

“போறேன்ணா, காலையிலயே பேர் குடுத்துட்டேன்.”